விலாசதாரர் இல்லையென்று திரும்பிய பினாங்கு உறை

அனுப்புநர்
மு. மீரான் மைதீன், பி.ஏ.,
பள்ளிவாசல் மேலத்தெரு, ஓடைக்கரைப்பட்டி,
உத்தமபாளையம் தாலுகா, மதுரை ஜில்லா.

பெறுநர்
தபால் சூப்பரிண்டெண்டு அவர்கள்.

பொருள்: தபால்காரர்களை வட்டம் மாற்றும் காலம் குறித்தும், திருப்பப்பட்ட உறை ஒன்றை மீட்கக் கோரியும்.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. என் ஒரே மகன் கமால் 1939-ல் என்னுடன் மனஸ்தாபப்பட்டுப் பினாங்கு சென்றான். அதன்பின் தாயார் அம்சத் பீவியின் பெயருக்கே கடிதம் எழுதினான். என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. படித்துக் காட்டுபவன் நான் என்பது அவனுக்குத் தெரியும். ஜப்பான் யுத்தம் மூண்டபின் நான்கு ஆண்டுகள் ஒரு வரியும் வரவில்லை.

2. எங்கள் தெருவில் தபால் கொடுத்துவந்த சுருளிவேல் எந்தப் பெண்ணின் பெயரையும் வீதியில் உச்சரித்ததில்லை. பின்வாசலில் நின்று, "ஆத்தா, பினாங்குக் கடுதாசி" என்பார், அவ்வளவே. இவ்வாண்டு ஜனவரி முதல் தேதி இலாகா அவரை மேகமலை வட்டத்துக்கு மாற்றி, ஒச்சாண்டி என்பவரை இங்கு அனுப்பியது. இருவரும் ஒருநாள்கூடச் சேர்ந்து சுற்றிவர அனுமதிக்கப்படவில்லை. ஆண்டுக் கணக்கைத் தொடங்க ஜனவரி முதல் தேதி உகந்த நாளாயிருக்கலாம். ஒரு தெருவின் வழக்கத்தை அறிய அது உகந்ததா என்று இலாகா யோசித்ததாகத் தெரியவில்லை.

3. அடுத்த சில நாட்களில் கமாலின் கடிதம் வந்தது. ஒச்சாண்டி மளிகைக் கடைமுன் நின்று அம்சத் பீவி யார் என்று உரக்கக் கேட்டார். அங்கிருந்தவர்கள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஏலே, வீட்டுப் பொம்பளை பேரைத் தெருவுல கூவுறியே, யாருலே நீ? அப்படி யாரும் இங்கன இல்ல, போ!" அவர் போய்விட்டார். உறை ஒரு வாரம் ஆபீசில் கிடந்து, 'விலாசதாரர் இல்லை' என்ற குறிப்புடன் கடல் கடக்கப் புறப்பட்டது.

4. சென்ற ஞாயிறு மலையிறங்கிய சுருளிவேல், ஒச்சாண்டி வாயிலாக இதையறிந்து என்னிடம் ஓடிவந்தார். "அய்யா, தம்பி உசுரோட இருக்காக. உறைக்குப் பின்னால பேரு எழுதியிருக்காக. நம்ம பயதான் வெவரம் தெரியாம திருப்பி விட்டுட்டான்" என்றார். என் மனைவி கதவுக்குப் பின்னிருந்து கேட்டது ஒன்றுதான்: உறை கனமாயிருந்ததா?

5. யுத்தத்துக்குப்பின் அவன் இருக்குமிடம் எங்களுக்குத் தெரியாது. அது அந்த உறையின்மேல் மட்டுமே உள்ளது. அது அவன் கைக்குத் திரும்பினால், தாய் மரித்தாள் என்றே அவன் கொள்வான். பிறகு இவ்வீட்டுக்கு எழுத அவனுக்குக் காரணம் இராது; எனக்கென்று அவன் எழுதியதில்லை.

6. ஒச்சாண்டி விதிப்படி நடந்தவர். அவரைத் தண்டிக்க வேண்டாம். தண்டனையால் எனக்கு ஆவதொன்றுமில்லை. வட்டம் மாற்றும் நாளைத் தேதி பார்த்துக் குறிக்காமல், புதியவர் பழையவருடன் வீடு வீடாக நடந்து, ஊரை அறிந்தார் என்று உறுதியானபின் குறிக்க வேண்டும். மலாயா, பர்மாக் கடிதங்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள் இத்தாலுகாவில் பல உண்டு. அவை வந்து சேரும்வரை இவ்வட்டங்களில் மாறுதலே கூடாது.

7. உறை இன்னும் கப்பலேறாதிருந்தால் தந்தி மூலம் தடுத்து நிறுத்துங்கள். ஏறியிருந்தால், அதைக் கொடுக்கப்போகும் ஊழியர் மூலம் விலாசதாரர் இருக்கிறார் என்றாவது அவனுக்குத் தெரிவியுங்கள். தந்திச் செலவு என்னுடையது. இம்மனுவில் தம் பெயரை எழுத என் மனைவி இசைந்தார்; தாமும் அத்தாட்சி வைக்க வேண்டுமென்றார்.

ஓடைக்கரைப்பட்டி,
22-1-1946.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
மு. மீரான் மைதீன்

மேற்படி விலாசத்தில் இருக்கிறேன்.
அம்சத் பீவி
(இடது பெருவிரல் ரேகை)