படத்தில் இல்லாத ஒழுங்கை

மச்சான்,

இன்று காலை உறுதியான விசயம் இது: சாய்ந்தமருதில் கதீசா உம்மாவின் வளவுக்கு நீ வரைந்த நில அளவைப் படத்தில் ஒழுங்கை இல்லை. சொன்னவர் காணிக் கந்தோர் இலிகிதர். நம்பாமல் படத்தை வாங்கி நானே பார்த்தேன். கிணறு இருக்கிறது, மாமரம் இருக்கிறது, இரண்டு வீடுகளும் இருக்கின்றன. றோட்டிலிருந்து பின்வீட்டுக்குப் போகும் வழி மட்டும் இல்லை. கீழே உன் கையொப்பம். பழைய கடதாசியின் ஈர மணம் மூக்கில் ஏற, ஒழுங்கையை இன்னொரு தரம் தேடினேன்.

நீ கண்ணை மூடி ஒரு மாரிகாலம் முடிந்துவிட்டது. காரைதீவுக்கு வந்து உன் முகத்துக்கு நேரே கேட்கவேண்டியதை இப்படி எழுதுகிறேன்.

அந்த வளவை அளந்த நாளில் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவன் நான். தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே போக்குவரத்துக் குறைந்திருந்தும் நீ சைக்கிளில் வந்திருந்தாய். சங்கிலி பிடிக்கும் உன் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஊர் எப்படி வளர்ந்தது என்று கட்டுரை எழுத உன் பின்னால் திரிந்த என்னை வேலைக்கு இழுத்துக்கொண்டாய்.

எங்களுக்குள் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். றோட்டோரத்து வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் பின்னால் போய் இன்னொன்று கட்டுவார்கள். அது இளையவளுக்கு. வளவுகள் இப்படிப் பின்னோக்கி வளர, சகோதரிகள் கறிக்கோப்பையோடு போய்வந்த தடம் ஒழுங்கையாகிறது. அதற்குள்ளேயே பிறந்த எனக்கு நீ சொல்லித்தான் அது தெரிந்தது. “றோட்டுப் போட்டது அரசாங்கம், ஒழுங்கை போட்டது பொம்புளையள்” என்றாய். அதையே கட்டுரைக்குத் தலைப்பாக்கினேன்.

வழியைக் குறிக்க நீ பென்சிலை எடுத்தபோது, முன்வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டிருந்த கதீசா உம்மா வந்தார்.

“என்ன மகன், ராத்தாக்கும் தங்கச்சிக்கும் நடுவுல கோடு போடப்போறீங்களா? நாளைக்குச் சண்ட புடிப்பாங்க எண்டு இப்பவே எழுதி வெக்கிறீங்களா?”

“வழிதான் உம்மா. சும்மா ஒரு கோடு.”

“அவள்ற வளவால இவள் நடக்கக் கடதாசியா? ஊர் சிரிக்கும்.”

நீ என்னைப் பார்த்தாய். “உம்மா சொல்றது சரிதானே மச்சான், ஆர் இத மறிக்கப் போறான்?” என்றேன் நான். நீ சிரித்துக்கொண்டு பென்சிலைக் காதில் செருகினாய்.

கந்தோருக்குப் போய் எப்படியும் போட்டிருப்பாய் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எதையும் இரண்டு பேரிடம் கேட்டு எழுதுகிறவன், இதை உன்னிடம் ஒரு தரமும் கேட்கவில்லை.

இப்போது கதீசா உம்மாவும் இல்லை, மூத்த மகளும் இல்லை. மூத்தவளின் மருமகன் பொத்துவிலிலிருந்து முன்வீட்டுக்கு வந்தவர். போன மாதம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மதில் கட்டி ஒழுங்கையை அடைத்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. “காக்கா, உறுதிப் பத்திரத்தப் பாருங்க. என்ட காணிக்குள்ளதானே கட்டினேன்?” என்று கேட்டார். உறுதியும் உன் படமும் அவர் பக்கம்தான் பேசுகின்றன. பின்வீட்டில் இருக்கும் இளையவள் ஜெமீலா, பக்கத்து வளவுக்காரரின் வேலி இடுக்கால் குனிந்து றோட்டுக்கு வருகிறாள்.

அந்தப் பின்வீட்டைத்தான் அவள் தன் மகளுக்குக் கொடுக்க இருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களையும் அதே இடுக்கால்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் மாமி தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “பொண்ணும் நல்லம், வீடும் நல்லம். எங்கட மாப்பிள மதில் பாஞ்சா வாற?” எல்லோரும் சிரித்தார்கள். ஜெமீலாவும் சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

உன் படம் ஒன்றுக்கும் ஒருவரும் திருத்தம் கேட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாயே, அதுதான் இன்று முழுவதும் என்னைக் குடைகிறது.

உன் அளவைக் குறிப்புப் புத்தகத்தை அனுப்பும்படி அம்பாறைக் கந்தோரிடம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்கிறார் இலிகிதர். அதில் வழியைக் குறித்தாயா, தெரியாது. சனிக்கிழமை இந்தப் பிணக்கைப் பேசித் தீர்க்க இணக்கசபை கூடுகிறது. அன்று பின்னேரம் வரை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பார்களாம். வழி அன்றே இருந்தது, தெரிந்துதான் விடப்பட்டது என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். புத்தகம் வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன், மச்சான்: நீ பிழைவிட்டாய். விடச் சொன்னவன் நான்.