வாசலில் பார்த்த முகம்

என் பிரியத்துக்குரியவளுக்கு,

உன் படத்தில் உதட்டை வரையும்போது, "கொஞ்சம் வாயை மூடேன்" என்றேன். ஓவியன் வேறென்ன சொல்வான்? அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவதா?

இப்போது நினைவிலிருந்து வரைகிறேன். நெற்றி, மூக்கு என்று முறையாகத்தான் போகிறேன். உதட்டுக்கு வந்ததும் முகம் கடுகடுவென்று ஆகிவிடுகிறது. சுரண்டிவிட்டு வரைந்தாலும் அதேதான். நீ சிரித்த முகம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கைக்கு வருவது நீ கிளம்பும்போது வாசலில் பார்த்த முகம் மட்டும்தான். எனக்கு வரையத் தெரியுமா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

நேற்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, அண்ணி படத்துலயும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்களா?" என்றார். எரிச்சலில் தூரிகையைத் தேநீரில் முக்கிவிட்டேன்.

வந்து உட்கார். பேசிக்கொண்டே இரு. உன் திறந்த வாயையே வரைந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்