காலில் இரண்டு தட்டு

இன்று ஆரணி வீட்டில், தம்பி மனைவி, காலைத் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியிலிருந்து மேலே ஏறி, மரத்துப்போன காலை இரண்டு தட்டு தட்டினாள். அடுப்படியில் இருந்த நான் நீதான் என்று திரும்பிவிட்டேன், அம்மா.

நான் சுரங்கப் பொறியியல் படித்து முடித்தபோது, நம் நாட்டில் பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்யச் சட்டம் இடம் தராத காலம் அது. ஆபீசில் உட்கார்ந்து, நான் பார்க்காத சுரங்கங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஜாம்பியாவின் செம்புச் சுரங்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. அடியில் இறங்கும் வேலை. அப்பா கோபத்தில் குதித்தார். "பொட்டப்புள்ள குழியில எறங்கனா எவன் கட்டிப்பான்?"

நீ தறியை நிறுத்தாமலே சொன்னாய்: "நான் பொறந்த வூட்லேர்ந்தே குழியிலதான் குந்திகினு கீறேன். நீங்க கட்டிக்கினீங்களே!"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் நான் விமானம் ஏறினேன்.

அங்கே தினமும் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் உனக்குப் போன். எல்லா அம்மாக்களும் சாப்பிட்டியா என்பார்கள். நீ கேட்டது வேறு.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேம்மா. நீ?"

"இப்பதான் ஏறி கால தட்டிகினு கீறேன்."

அவ்வளவுதான் நம் பேச்சு. எனக்கு அது போதும்.

ஒருநாள் மின்சாரம் போய், எங்களை மேலே கொண்டுவரும் கூண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. கும்மிருட்டு. பயந்துதான் போனேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்து போன் செய்தால் அப்பா எடுத்தார்.

"நீ ஏறினியான்னு தெரியாம இவளும் ஏறலம்மா. கூப்ட்டா வரமாட்றா."

நீ போனைப் பிடுங்கிச் சமாளித்தாய். "முந்தானை கொஞ்சம் பாக்கி இருந்திச்சி, அதான்."

பின்னாலிருந்து அப்பா விடவில்லை. "வெளக்கே போடல. இருட்டுல இன்னாத்த நெய்ஞ்ச?"

அன்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

சட்டம் மாறியதும் திரும்பி வந்து, இப்போது நம் நாட்டுச் சுரங்கத்திலேயே இறங்குகிறேன். முதல் நாள் இறங்கி ஏறியதை நீ கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாய். அதில் எனக்கு நிறைவுதான், குறையில்லை.

ஷிஃப்ட் முடிந்து கூண்டிலிருந்து வெளியே வந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன் காலை இரண்டு தட்டு தட்டுகிறேன். "மரத்துப்போச்சா மேடம்?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி வைக்கிறேன். ஏறிவிட்டேன் என்று உனக்குச் சேதி சொல்வதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?