கோலுக்கும் தீர்ப்புக்கும் நடுவில்

மாப்ளே,

நேற்றுச் சாயங்காலம் மகன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கோல் விழுந்தது. மகன், மருமகள், மாடி வீட்டுக்காரர் என்று நாலைந்து பேர் இருந்தோம். பந்து வலையில் மோதியதும் எல்லோரும் பாதி எழுந்து அப்படியே நின்றோம். "இருங்கப்பா, வீடியோவுல பாக்குறாங்க" என்றான் மகன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வறுத்த கடலைத் தட்டு கைமாறியது. மருமகள் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் கோல் உண்டு என்று நடுவர் கையைக் காட்டியபோது மாடி வீட்டுக்காரர், "ம், குடுத்துட்டாங்க" என்றார். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதைச் சொல்வது போலிருந்தது.

உன் நினைப்பு வந்துவிட்டது. இன்று காலையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குக் கால்பந்து வேடிக்கை பார்க்கிற விஷயமாக இருந்ததே இல்லை. பகலெல்லாம் மண்டியில் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவி அடுக்குவாய். மூன்று மணிக்குக் குளித்து, அத்தர் போட்டுக்கொண்டு, நடுவரின் கறுப்புச் சட்டையில் மைதானத்துக்கு வருவாய். அத்தரையும் மீறித் தோல் வாசனை அடிக்கும். ஆட்டக்காரர்கள் அதற்கும் உன்னைக் கிண்டல் செய்வார்கள். கிண்டல் உன்னை ஒன்றும் செய்ததில்லை. தப்பாக ஊதிவிட்டோமோ என்ற சந்தேகம்தான் உன்னைத் தூங்கவிடாது. மறுநாள் காலையில் என் மோட்டார் கடைக்கு வந்து, நான் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முந்தின நாள் ஆட்டத்தை ஒவ்வொரு விசிலாகச் சொல்லுவாய்.

அந்த விசில்களில் ஒன்றை நீ கடைசிவரை கீழே வைக்கவே இல்லை.

நம் ஊர் அணியும் பழனிப் பக்கத்து அணியும் மோதிய இறுதி ஆட்டம் அது. பழனிக்காரர்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர்கள் அணியின் கீரனூர் வேலுச்சாமி பந்தை வாங்கி, திரும்பிய வேகத்தில் அடித்தார். பந்து உள்ளே போய்விட்டது. பழனியிலிருந்து வேனில் வந்திருந்த கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. நீ விசில் ஊதிக் கையைத் தூக்கினாய். பந்து வரும்போதே வேலுச்சாமி எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நின்றிருந்தார், ஆஃப்சைடு, கோல் கிடையாது என்றாய். கோட்டோரம் கொடி பிடித்த துணை நடுவர் வெகு தூரம் பின்தங்கியிருந்தார். தீர்ப்பு முழுக்க உன் கண் பார்த்ததுதான்.

கூட்டம் உன்னைச் சுற்றி வளைத்தது. "கண்ணு தெரியலையாடா உனக்கு" என்று எல்லாப் பக்கமும் கேட்டது. சட்டை கிழிந்த நிலையில் உன்னை இழுத்து என் ஸ்கூட்டரில் உட்காரவைத்தேன். அரசுத் துறை ஒன்றின் அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்தவர்கள், ஜெயித்த அணியிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் முதலில் பார்க்க வந்தது வேலுச்சாமியைத்தான் என்றும் சொன்னார்கள். அவர் அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டுத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்று, உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பாத்தேன்னு நெனச்சுத்தான் மாப்ளே ஊதுனேன். நெசமாவே பாத்தேனான்னு இப்பத் தெரியல" என்றாய்.

அதனால்தான் பல வருஷம் கழித்துப் பெரிய ஆட்டங்களில் வீடியோ நடுவர் முறை வந்தபோது, ஊரே முணுமுணுக்க, நீ மட்டும் சந்தோஷப்பட்டாய். எனக்கு அது பிடிக்கவில்லை. கோல் விழுந்ததும் கத்துகிற அந்த ஒரு நொடிக்காகத்தானே இத்தனை நேரம் உட்கார்ந்து பார்க்கிறோம், அதையும் பிடுங்கிவிட்டுச் ஷூ நுனியையும் தோள்பட்டையையும் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தால் அது ஆட்டமா, சர்வே வேலையா என்று கேட்டேன். உன் வீட்டுக் கூடத்தில் அதற்காக நாம் சண்டை போடாத சனிக்கிழமை கிடையாது. உன் வீட்டம்மா உனக்குச் சர்க்கரை இல்லாத டீயும் எனக்குச் சர்க்கரை போட்ட டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்றைக்கும் ஆரம்பித்தாயிற்றா என்பது போல் இருவரையும் பார்த்துவிட்டுப் போவார்.

"உனக்குப் போறது செத்த நேரச் சந்தோசம். தப்பா ஊதுனவனுக்கு ஆயுசு பூரா போகுது" என்று ஒருநாள் சொன்னாய். டிவியில் நடுவர் ஒருவர் மைதானத்து ஓரத்துக்கு ஓடிப்போய், ஆயிரக்கணக்கான பேருக்கு முதுகைக் காட்டி, சின்னத் திரை ஒன்றைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம், நாங்கள் ரீப்ளேயைப் பார்ப்போம். நீ அவரைப் பார்ப்பாய்.

அப்புறம் சர்க்கரை உன் கண்ணைத் தின்றது. முதலில் பந்து தெரியவில்லை என்றாய். பிறகு சட்டை நிறம் தெரியவில்லை. மதுரையில் லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பும்போது, சின்னாளப்பட்டி தாண்டியதும் சிரித்தாய். "அம்புட்டுப் பேரும் கண்ணு தெரியலையான்னு கேட்டாங்கள்ல. இப்பப் பதில் சொல்லலாம்" என்றாய். நானும் சிரித்தேன். வண்டி ஓட்டிய உன் மருமகன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஆட்டங்களை நீ விடவில்லை. நான் பார்த்துச் சொல்ல, நீ கேட்டாய். பந்து யாரிடம் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எவன் தனியாக நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அரங்கத்துக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து கோல் என்று உனக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையையும் தூக்கிக் கத்துவாய். சில சமயம் அந்த இரைச்சல் திடீரென்று அடங்கிப்போகும். கையை இறக்காமலே, "என்னாச்சு?" என்பாய். வீடியோவில் பார்க்கிறார்கள் என்பேன். பார்ப்பவனுக்காவது அந்த நேரத்தில் திரையில் ஏதோ ஓடுகிறது. உனக்கு இருட்டில் வெறும் காத்திருப்புதான். கடைசியில் இல்லையாம் என்று நான் சொல்லவேண்டும். அந்தக் கையை நீ இறக்குவதைப் பார்க்கவேண்டும்.

சில வாரம் இப்படிப் போனதும் நீ கத்துவதை நிறுத்திவிட்டாய். கூட்டம் இரைந்தால் முகத்தை என் பக்கம் திருப்புவாய். நான் சொல்லட்டும் என்று காத்திருப்பாய். உன் கண் போனபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, மாப்ளே.

"இப்பத்தான் உன் கட்சி என்னன்னு புரியுது" என்றாய் ஒருநாள். ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேலுச்சாமி என் கடைக்கு வந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோய், ஒட்டன்சத்திரத்தில் கையை விரித்துவிட்டார்களாம். தலை நரைத்திருந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. பில்லுக்குப் பெயரும் ஊரும் கேட்டபோதுதான் புரிந்தது. மோட்டார் தயாராகும்வரை டீ வாங்கிக்கொடுத்து, உன்னைப் பற்றிச் சொன்னேன். கண் போனதைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஆட்டத்தை நீ இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதையும் சொன்னேன். வந்து பார்க்கலாமா என்று கேட்டார். உன்னிடம் கேட்டேன். சனிக்கிழமை வரட்டும் என்றாய். அன்று காலையிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று உன் வீட்டம்மா பிறகு சொன்னார்.

வந்தவர் கொய்யாப்பழப் பையைக் கொடுத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை, மோட்டார், மக்காச்சோளம் என்று பேச்சு போனது. பழையதை இருவரும் தொடவில்லை. ஆட்டம் தொடங்கியது. நான் வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் இடப்பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. ஒருவன் பாய்ந்து தலையால் முட்டினான். "கோல்" என்று வேலுச்சாமி எழுந்துவிட்டார். அவர் குரலைக் கேட்டு, எத்தனையோ வாரம் கழித்து, நீயும் கத்தினாய். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரைச்சல் அடங்கியது. வீடியோ நடுவர் பார்க்கிறார், திரையில் கோடு போடுகிறார்கள், நடுவர் காதில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னேன். நீ அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிடித்த கையை விடாமல் கேட்டாய்.

"தம்பி, அன்னிக்கு நீ முன்னாடி நின்னியா?"

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியலைங்கண்ணா. நான் பந்தைத்தானுங்க பாத்துட்டிருந்தேன். அவிங்க ஆளு எங்க நின்னாருன்னு பாக்கவே இல்லீங்க. அதுக்கப்புறம் மனசுக்குள்ள எத்தனையோ தரம் ஓட்டிப் பாத்துட்டேன். ஒருக்கா முன்னாடி நிக்கறேன், ஒருக்கா பின்னாடி நிக்கறேன்."

"எனக்கும் அப்படித்தாம்ப்பா" என்றாய்.

இத்தனை வருஷம் உண்மை அவரிடம் இருக்கிறது என்று நீ நம்பியிருந்தாய். அது உன்னிடம் இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். இருவரிடமும் இல்லை.

டிவியில் தீர்ப்பு வந்தது. தோள்பட்டை கோட்டைத் தாண்டி இருந்ததாம், கோல் இல்லை. நான்தானே சொல்லவேண்டும், சொன்னேன். உன் முகம் வாடுவதற்குள் வேலுச்சாமி முந்திக்கொண்டார்.

"போனாப் போகுதுங்கண்ணா. நாம கத்துனது கத்துனதுதானுங்க. அதை எந்த வீடியோவும் திருப்பி வாங்க முடியாதுங்க."

நீ சிரித்தாய். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, உள்ளேயிருந்து உன் வீட்டம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். அதன் பிறகு எந்த ஆட்டத்திலும் நீ என் முகத்துப் பக்கம் திரும்பிக் காத்திருக்கவில்லை. முதலில் கத்துவாய். அப்புறம் நிதானமாக, "சரி, என்ன சொல்றாங்க?" என்பாய். கோல் ரத்தானால் நடுவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும் என்பாய். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள உன்னால் முடிந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குள் சிறுநீரகமும் போய்விட்டது. பேகம்பூர் வீட்டிலிருந்து உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்யப் போனபோது வேலுச்சாமி தோள் கொடுத்தார். அவர் யாரென்று யாருக்கும் தெரியாததால், உறவா என்று கேட்டார்கள். ஆமாம் என்று நான்தான் சொன்னேன்.

இப்போது பெரிய ஆட்டங்கள் நடக்கும்போது நான் அவருக்கு அழைப்பேன், அல்லது அவர் எனக்கு அழைப்பார். கோல் விழுந்து, திரையில் கோடு போடத் தொடங்கும் நேரத்தில்தான் அந்த அழைப்பு. என்ன ஆகும் என்று இருவரும் பேசுவதில்லை. நான் ரீப்ளேயைப் பார்ப்பதில்லை, காதில் கையை வைத்து நிற்கிற அந்த மனிதரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். போனில் அந்தப் பக்கம் அவர் தோட்டத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். தீர்ப்பு வரும்வரை நாங்கள் போனை வைப்பதில்லை.