நம் நூக்கல் யார் வீட்டில் வேகிறது?

ஹென்னிங்,

அடுப்பில் நூக்கல் சூப் இருக்கிறது. இந்தக் கோடை முழுக்கப் பண்ணையில் விளையவே இல்லை என்றாயே, அதே நூக்கல்தான்.

உனக்குக் காய்ச்சல் என்று நேற்று பண்ணைக்கு நாம் பணம் கட்டி வாராவாரம் வாங்கும் பங்குக் காய்கறியை எடுத்துவர நான் போனேனா, பண்ணைக்காரி வீப்கா சிரிக்கிறாள்: “ஹென்னிங் வீட்டுக்காரம்மாவா? உங்க வீட்டுல யாருக்கும் நூக்கல் ஆகாதாமே! வாராவாரம் அதை மாத்துப் பெட்டியில வைப்பாரு. இன்னொரு பங்குக்காரி மாரைக்கா உடனே எடுத்துக்கிட்டு அவ பீட்ரூட்டை வச்சிட்டுப் போவா.”

வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுக்கத்தான் அந்தப் பெட்டி. எனக்கு நூக்கல் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியாதா? கை சிவக்கச் சிவக்க நான் உரித்ததெல்லாம் அவள் வீட்டுப் பீட்ரூட்டா?

சூப்பைச் சூடாக்கிக் குடி. மாத்திரை ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்று பண்ணையில் பங்குதாரர்கள் சேர்ந்து களையெடுக்கும் நாள். உனக்குப் பதிலாக நான் போகிறேன்.

ஃப்ரௌகா

பின்குறிப்பு: நீயும் மாரைக்காவும் எப்போதும் ஒரே பாத்தியாமே. இன்று அவள் பக்கத்தில் நான்தான் குனிந்திருப்பேன், நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

இன்னொன்று: பதறியடித்துப் பின்னால் ஓடி வராதே. உன் ரப்பர் பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.