துடைக்காமல் விட்ட பூ

கூலிம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அமண்டாவுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. நாங்கள் இருவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இன்று அந்த வரி வரவில்லை. நான் நலம். அம்மா, தான் நலம் என்று சொல்கிறாள். டப்ளினில் விடாத மழை என்றாய், ஈரக் காலுறையோடு வேலைக்குப் போகாதே. இங்கே வெயில். கம்பெனி பஸ்கள் வழக்கம்போல நம் சந்தில் ஆரன் அடிக்கின்றன. ஏன் கடிதம் என்று யோசிப்பாய். என் போனை அம்மாவும் எடுப்பாள், உனக்கு நான் பேசி அனுப்பும் குரல் பதிவை எல்லாம் ஒரு முறை போட்டுக் கேட்பாள். இது அவள் கேட்கக்கூடாதது. அல்லது அவள்தான் முதலில் கேட்க வேண்டியது. அதைத்தான் முடிவு செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் பூ வேலையை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். வெறும் வெள்ளையாக வந்து சேரும் ரெசின் துண்டுகள். ரோஜா, வண்ணத்துப்பூச்சி, சிறகு மடித்த சம்மனசு, எல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. அச்சின் பிசுக்குப் போக முதலில் ஸ்பிரிட்டால் துடைப்பாள், இல்லாவிட்டால் மை ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். பிறகு நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய மைகளிலிருந்து இதழுக்கு ஒரு துளி. மை தானாகப் பரவும். பள்ளத்தில் அடர்ந்து நிற்கும், மேட்டில் வெளிறும். அது காய்ந்ததும் மெல்லிய முனை மார்க்கரால் இதழின் ஓரத்துக்குத் தங்கக் கோடு. அந்தக் கோட்டுக்காகத்தான் ஆட்கள் அம்மாவைத் தேடி வருகிறார்கள். ஒரே மூச்சில் சுற்றி முடிப்பாள். மறுநாள் காலை வார்னிஷ். அதற்கு முன்னால் என்றால் எதையும் ஸ்பிரிட்டால் துடைத்துத் திரும்ப வெள்ளையாக்கிவிடலாம். இதை நினைவில் வைத்துக்கொள். நான் செய்தது எல்லாம் அந்த இடைவெளியில்தான்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு நாள் ஹபீஸா வந்தாள். பாசார் சந்தைக்குப் பக்கத்தில் கல்யாணத் தட்டு, பரிசுப் பெட்டி எல்லாம் அலங்கரித்துக் கொடுப்பவள், அம்மாவின் பூக்களை மொத்தமாக வாங்குபவள். ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "அண்ணே, அக்காகிட்ட சொல்லிடாதீங்க லா, கோடெல்லாம் ஆடுது, கண்ணாடி மாத்தணும் போல" என்றாள். கண்ணாடி இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே அம்மாவின் வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்கும்போது ஆள்காட்டி விரலின் மேல் உருண்டுகொண்டிருந்தது. ஜெபமாலை மணி உருட்டுவதுபோல. கையில் ஜெபமாலை இல்லாமல். கோயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். கிளினிக் டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், அலோர் ஸ்டாரில் நரம்பு டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கிக் கொடுத்தார். நோயின் பெயரைச் சொல்லவில்லை. "லேட் பண்ணாதீங்க அங்கிள்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். திரும்பி வரும்போது காரில் அம்மா, "அமண்டா காதுல போட்டீங்க, அவ்வளவுதான், வேலையை விட்டுட்டு அடுத்த பிளைட்ல வந்து நிப்பா" என்றாள். போடவில்லை.

அவள் சாயங்காலப் பூசைக்குப் போகும்போது பூக்கள் மேசையில் காயும். நான் பஞ்சை எடுத்தேன். ஆடிய கோட்டைத் துடைத்தேன், கூடக் கரைந்த மைக்கு ஒரு துளி வைத்தேன், காய்ந்ததும் கோட்டைப் புதிதாகப் போட்டேன். கம்பெனியில் எத்தனை வருடம் பூதக் கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன பாகங்களில் கோணல் தேடியவன், எனக்கு அது கஷ்டமில்லை. அவள் கோடு போலவே போடப் பழகினேன். முதலில் ரொம்ப மோசமானவை மட்டும். பிறகு கொஞ்சம் ஆடியவை. பிறகு எல்லாமே. அவள் மனம் உடையக்கூடாது என்றுதான் செய்தேன். அவள் கை ஆடுவதை நான் பார்க்க விரும்பவில்லை என்பதும் உண்மை. காலையில் வார்னிஷ் தூரிகையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். "போடுறப்போ ஆடுற மாதிரி இருக்கு, காஞ்சா நேராயிடுது பாருங்களேன்" என்பாள். நான் பேப்பரைப் பார்ப்பேன்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜம் போனோம், புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு. அதே கூட்டம், அதே மெழுகுதிரிச் சூடு. அம்மா பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வந்தாள். வேலைக்கு உட்காருமுன் வலது கையில் தடவிக்கொள்வாள். மறுநாள் கோடு நேராக இருக்கும். ஏன் இருக்காது. போன வாரம் சமையலறையிலிருந்து சத்தமாகச் சொன்னாள், "என்னாங்க, அலோர் ஸ்டாருக்குப் போன் போட்டு தேதியை கேன்சல் பண்ணிட்டேன். அன்னம்மா பார்த்துக்கிட்டாங்க. அந்த இடத்தை வேற சீக்காளிக்குக் குடுக்கட்டும்." தேதியை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமே என்றேன். "உங்களுக்கு எப்பவும் விசுவாசம் பத்தாது லா" என்று சிரித்தாள். சிரிக்கும்போதும் கட்டைவிரல் உருண்டுகொண்டிருந்தது. அவள் கையைப் பார்ப்பதே இல்லை. பூவைத்தான் பார்க்கிறாள். வரும் ஞாயிறு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், கை குணமானதற்குச் சாட்சி சொல்லப் போகிறாள். பூக்களைத் தட்டில் வைத்து எடுத்துப் போகிறாளாம், காட்டுவதற்கு. நான் போட்ட கோடுகளை.

இப்போது பூசைக்குப் போயிருக்கிறாள். மேசையில் பூக்கள். என் பக்கத்தில் பஞ்சும் ஸ்பிரிட்டும். இன்று தொட்டால் ஞாயிற்றுக்கிழமை சாட்சி, டாக்டர் இல்லை. தொடாவிட்டால் நாளைக் காலை அவளுக்குத் தெரிந்துவிடும். அன்னம்மாள் கைவிட்டதாக நினைப்பாள். அது இதைவிட மோசமோ. இந்தத் தாள் உன் கைக்கு வருவதற்குள் ஏதோ ஒன்று நடந்து முடிந்திருக்கும், உன்னால் தடுக்கவும் முடியாது. தெரிந்தும் எழுதுகிறேன். கேட் சத்தம். நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை

அன்று தொடவில்லை. புதன் காலை அம்மா உட்கார்ந்தாள். முதல் பூவைத் திருப்பினாள். அடுத்ததை. அடுத்ததை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, "இந்த மார்க்கர் பழசாயிடுச்சு போல" என்றாள். அமண்டா, அந்த இடத்தில் நான் தப்பித்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் தீர்த்தப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். கை ஆடி மேசையில் சிந்தியது. நான் சொல்லிவிட்டேன். மார்க்கர் இல்லை, நேராக இருந்ததெல்லாம் நான் போட்டது என்றேன். "எல்லாமேவா" என்றாள். எல்லாமே என்றேன். ரொம்ப நேரம் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "திருவிழாவுக்கு அப்புறம் போட்டதுமா" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி கழுவினாள், குழாயை மூட மறந்தாள், நான் போய் மூடினேன். சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு, "என் கை எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாம பண்ணிட்டீங்களே" என்றாள். கோபமாகக்கூட இல்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நேற்றுக் காலை போனை என் முன்னால் வைத்தாள். "அலோர் ஸ்டாருக்குப் போடுங்க. இடத்தை யாருக்காச்சும் குடுத்திருந்தா கெஞ்சுங்க. நான் கெஞ்ச மாட்டேன்" என்றாள். கெஞ்சினேன். பழைய தேதி போய்விட்டது. தீபாவளி நெருங்கும்போதுதான் அடுத்த தேதி. அதற்குள் எவ்வளவு முற்றும் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் தேதியைச் சொன்னபோது, "பஸ்ல போவோம், கார் வேணாம், நீங்க அழுதுகிட்டே ஓட்டுவீங்க" என்றாள். ஞாயிறன்று என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. பூ எடுத்துப் போக வைத்திருந்த தட்டைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டாள். தீர்த்தப் பாட்டில் மட்டும் மேசையிலேயே இருக்கிறது. இன்று காலையும் தடவிக்கொண்டாள்.

நான் எழுதுவதை இப்போது பார்த்துவிட்டாள். "எல்லாத்தையும் கொட்டிட்டீங்களா" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு ரோஜாவை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். மை காய்ந்த ரோஜா, இன்னும் ஓரம் போடாதது. மார்க்கரைத் திறந்தாள். நான் தாளைப் பார்த்தேன். "இங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். கோடு கிளம்பியது, துள்ளியது, இதழை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தது. ஒரே மூச்சில் இல்லை. நடுவில் நின்று, மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மறுபடி. நான் கண்ணை எடுக்கவில்லை. சுற்றி முடித்து ஊதினாள், உறையில் போடச் சொன்னாள்.

ஆண்டவரும் அன்னம்மாளும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். பூசையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உடனே ஓடி வராதே, டாக்டரைப் பார்த்த பிறகு நாங்களே கூப்பிடுகிறோம். போனில் அம்மாவிடம் கை எப்படி இருக்கிறது என்று நேராகவே கேள், இனி மறைக்க மாட்டேன் என்கிறாள். உறையில் இருக்கும் பூவுக்கு வார்னிஷ் பூசவில்லை. நீ வேலையிடத்தில் கைக்குத் தடவும் அந்த ஸ்பிரிட் கலந்த கிருமிநாசினி பட்டால் கோடு போய்விடும். கையை நன்றாகக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
டக்ளஸ்