காக்கைக்கு முன் தின்றவன்

கோபப்படவே தெரியாத என் நைனாவுக்கு,

தெரியாவிட்டால் இனிமேலாவது பழகிக்கொள். நான் செய்திருக்கும் வேலையைக் கேட்டால் நீ மேலேயிருந்து இறங்கிவந்து என் காதைத் திருகுவாய் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வருவதானால் வா. காதைக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை உனக்கு அங்கே யாராவது திரித்துச் சொல்லியிருப்பார்கள். நம் நைனார்பாளையத்தில் ஒரு பேச்சு பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் அதற்கு இரண்டு கொம்பு முளைத்துவிடும். மேலோகம் வரை வந்தால் எத்தனை கொம்போ. அதனால் நானே எழுதுகிறேன்.

பொடியனைப் பற்றித்தான். வேறு யாரைப் பற்றி? உன் லாரி முதலாளி வீட்டு கிரேட் டேன் நாய் எட்டுக் குட்டி போட்டபோது, நோஞ்சானாக இருந்த ஒன்றை மட்டும் யாரும் வாங்கவில்லை என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். முட்டிக்கு மேல் வளராது என்று அம்மாவிடம் சத்தியம் செய்தாய். மனுஷ முட்டியா ஒட்டக முட்டியா என்று அம்மாவும் கேட்கவில்லை. ஒரே வருஷத்தில் அவன் நின்றால் அவள் இடுப்பு உயரம்; பின்னங்காலில் எழுந்தால் உன்னைவிட உயரம். வாலை ஆட்டினால் சொம்பு ஒரு மூலைக்கும் என் கணக்கு நோட்டு இன்னொரு மூலைக்கும் பறக்கும். பெயரையாவது மாற்று என்று தெருவே சொன்னது. பெயர் வைத்தபோது சரியாகத்தான் இருந்தது, வளர்ந்தது அவன் தப்பு என்றாய் நீ.

அந்த மாட்டுப் பொங்கல் நினைவிருக்கிறதா? கழுத்தில் சலங்கை, நெற்றியில் குங்குமம் வைத்து அவனை மாட்டு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். பூசை போட்ட பெரியவர் கற்பூரம் காட்டிப் பொங்கலையும் ஊட்டிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். பெரியப்பா என்னை அடிக்க வந்தார். நீ லாரிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாய். உன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அப்புறம் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க லாரியை ஓரம் கட்டிய நீ, அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டாய். உன்னை வீட்டில் கிடத்தியபோது பொடியன் வந்து உன் காலை மோந்து பார்த்தான். உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு உன் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு படுத்தான். தலை மட்டும்தான் நுழையும்; மிச்ச உடம்பு நடைவழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் அவனைத் தாண்டித்தான் போனார்கள்.

சோறு வைத்தேன், தொடவில்லை. கறிக்கடையில் கோழிக்காலும் தலையும் வாங்கி வேகவைத்தேன், தொடவில்லை. கஞ்சித் தண்ணீரை மட்டும் நக்குவான், அதுவும் நான் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தால். பதினைந்து நாளில் அவன் விலா எலும்புகள் எனக்கு மனப்பாடம். அம்மாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுவரோரம் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் ‘உம்’ என்றாள்.

இனி பதினாறாம் நாள். உன் படையலை எந்த நாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்கிறேன் என்று பெரியப்பாதான் கூரையில்லாத குளியலறைச் சுவர் மேல் இலையை வைத்தார். ஊர் நாய்களை வைத்து அளந்துவிட்டார் மனுஷன். வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு, எல்லாம் இருந்தது. நான் உளுந்தூர்பேட்டை பரோட்டா இரண்டு வாங்கிவரச் சொல்லி ஓரத்தில் வைத்தேன். ஒவ்வொரு லோடு முடிந்து வரும்போதும் நீ வாங்கிவந்து ஆளுக்குப் பாதி என்று அவனோடு பிய்த்துத் தின்பாயே, அதே கடை.

காக்கை வந்தது. கம்பியில் உட்கார்ந்தது. இறங்கவில்லை. போனவருக்கு ஏதோ மனக்குறை என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு உனக்கு வாக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெண்ணைப் படிக்கவைக்கிறோம் என்றார் ஒருவர். கூரையை மாற்றித் தருகிறோம் என்றார் இன்னொருவர். அன்றைக்குக் கொடுத்த வாக்கையெல்லாம் சேர்த்தால் ஊரிலேயே வசதியான குடும்பம் நாம்தான். காக்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது. அதற்கும் நம் சொந்தக்காரர்களைத் தெரிந்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் பொடியன் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். முன்னங்கால் இரண்டையும் சுவரில் வைத்து எழுந்து நின்றான். முதலில் பரோட்டா, பிறகு மற்றதெல்லாம். கடைசியில் இலையை நக்கி வழித்தான். பதினாறு நாளில் அவன் தின்ற முதல் சோறு அதுதான் நைனா.

நான் சிரித்துவிட்டேன்.

“என் தம்பி பசியோட நின்னுகினு இருக்கான், நீ இன்னாடி பல்லக் காட்ற?” என்றார் பெரியப்பா. சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. உன்னைத் தூக்கி வளர்த்த மனுஷன். நீ பசியோடு நிற்கிறாய் என்று அவர் நிஜமாகவே நம்பினார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அவருக்கு அடங்கவில்லை.

அவர் ஒரு முடிவு எடுத்தார். முப்பதாம் நாள் மறுபடியும் படையல் போட வேண்டும். நாய் வாய் வைத்த வீட்டில் காக்கை இறங்காது. அதனால் அதற்குள் பொடியன் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டிருக்கும் ஒருவர் காட்டுப்பன்றிக்குக் காவலாக நாய் தேடுகிறாராம். அவரிடம் பேசியும் விட்டார். நம்மிடம் யார் கேட்டார்கள்?

மலையிலிருந்து வண்டி வரும் நாளன்று காலையிலேயே பொடியனைக் கரும்புக் கொல்லைக்குள் கொண்டுபோய் ஒளித்தேன். ஆள் உயரக் கரும்பு, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினான். போகிற வழியில் நாலு வரிசை கரும்பு சாய்ந்தது. நேராகப் போய் மலைக்காரர் மேல் தன் பாட்டுக்குச் சாய்ந்து நின்றான். அவர் தாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பன்னி வெரட்ட நாயி கேட்டா, நாலு காலு வச்ச செவுத்தக் காட்டுறீங்களே” என்றார் மலைக்காரர். நல்ல மனுஷன்தான். ஆனாலும் இதைப் பார்த்தாலே பன்றி ஓடிவிடும், கொண்டுபோகிறேன் என்று வண்டியின் பின்கதவைத் திறந்தார்.

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கதவு திறந்ததும் பொடியன் தானாகவே தாவி ஏறிக்கொண்டான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கண்ணாடி இருக்குமே, அதில் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்தான். வால் தகரத்தில் தட்தட் என்று அடித்துக்கொண்டிருந்தது. லாரி நம் ஊர் வழியாகப் போனால் அவனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டுவாயே. உள்ளே இருப்பது நீ என்று நினைத்துவிட்டான்.

“பாரு, அதுவே ஏறிக்கிச்சி. நாம இன்னா பண்றது?” என்றார் பெரியப்பா.

நானும் ஏறினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“அது மலைக்கிப் போவ ஏறல பெரியப்பா. நைனாகிட்ட போறோம்னு ஏறிக்கினு இருக்குது. அந்த வெலாசம் இவருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் இட்டுகினு போவச் சொல்லுங்க.”

இறங்குடி என்றார். மாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்தார். பொடியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவனை யார் அசைக்க முடியும்? தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா வெளியே வந்தாள். அவள் வாசப்படியைத் தாண்டி மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்.

“எறக்கச் சொல்லுங்க மாமா” என்றாள்.

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. “காக்காவுக்கு வச்சீங்க, ஊருக்கு வச்சீங்க. இந்த வூட்ல இருக்கற யாரையும் சாப்ட்டியான்னு ஒருத்தரும் கேக்கல. அது பட்டினி கெடந்து, அவரு வச்சாருன்னு நெனைச்சித் தின்னுச்சி. தின்னுட்டுப் போவுது. அது இங்கதான் இருக்கும்.”

“அப்ப என் தம்பிக்கு?” என்றார் பெரியப்பா. மெதுவாகத்தான் கேட்டார்.

அதை நீதான் சொல்ல வேண்டும். வந்து சேர்ந்ததா நைனா? பரோட்டா ஆறிப்போய் இருந்ததா?

பொடியன் வண்டியைவிட்டு இறங்க மாட்டேன் என்று அரை மணி நேரம் அடம்பிடித்தான். கடைசியில் அம்மா “பொடியா, வா” என்றாள். இத்தனை வருஷமும் அவனை எருமை என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அவன் காதை நிமிர்த்தி அவளைப் பார்த்தான், இறங்கினான், வீட்டுக்குள் போனான். மலைக்காரர் நாய்க்கு மாற்றாகக் கொண்டுவந்த மரவள்ளி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, பன்றி தின்றது போக மிச்சம், நீங்களும் தின்னுங்கள் என்று வெறும் வண்டியோடு மலை ஏறினார்.

முப்பதாம் நாள் படையலைப் பெரியப்பா தன் வீட்டிலேயே போட்டார். காக்கை உடனே இறங்கிவிட்டதாம். சந்தோஷம். அண்ணன் வீட்டில் பாதி, நம் வீட்டில் பாதி சாப்பிடுவது உனக்கு ஒன்றும் புதிதில்லையே. நம் வீட்டில் நானும் அம்மாவும் இரண்டு இலை போட்டோம். ஒன்று சுவர் மேலே, ஒன்று தரையில். தரையில் வைத்ததை அவன் தின்று முடித்தான். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மாவும் ஒரு தட்டு சாப்பிட்டாள். மேலே இருந்த இலையில் காக்கை இறங்கியதா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாய்க்குப் படையல் போட்ட வீடு என்று தெருவில் பேர் வைத்திருக்கிறார்கள். விலாசம் சொல்ல வசதியாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் கோலத்துக்குப் பதிலாக வாசலில் நாய்க்கால் தடம் நாலு போட்டேன், ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவு. அம்மா திட்டினாள். ஆனால் அழிக்கவில்லை. இப்போது மறுபடியும் கரும்பு வெட்டப் போகிறாள். அவன் கூடவே போய் வரப்பில் படுத்துக்கொள்கிறான்.

ஒன்றை மட்டும் நீ எங்களிடம் சொல்லாமல் போய்விட்டாய். கள்ளக்குறிச்சி மாட்டு டாக்டர் சொன்னார்: இவ்வளவு பெரிய நாய்களுக்கு ஆயுசு கம்மி, எட்டு வருஷம் இருந்தாலே ஜாஸ்தி. பொடியனுக்கு இப்போதே நாலு முடிந்துவிட்டது. உனக்கு அது தெரியுமா?

அதனால் இப்போது நான் வாக்குக் கொடுக்கிறேன். காக்கை கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நீ கேள். அவன் இந்த வீட்டைவிட்டு எங்கேயும் போகமாட்டான். பெரியப்பா என்ன, ஊரே திரண்டு வந்தாலும் அனுப்பமாட்டேன். அவனுடைய கடைசி நாளில் அவன் தலை என் மடியில் இருக்கும். தலை மட்டும்தான் மடியில் கொள்ளும்.

நீயும் எனக்கு ஒரு வாக்குக் கொடு. அதுவரை அங்கேயிருந்து அவனைக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டால் நாங்கள் யார் பிடித்தாலும் நிற்கமாட்டான்.

உன் மகள், பொடியனின் அக்கா,
வளர்மதி